முத்துவீராயி நாச்சியாரின் நகல்

ஜூன் 5, ஞாயிறு

எண்ணெய் வண்ண வகுப்பில் சேர்ந்துவிட்டேன், அறுபத்தோரு வயதில். ஜெராக்ஸ் கடைக்கு மேலே மாடியில் வகுப்பு. படி ஏறும்போதே டர்பன்டைன் வாடை மூக்கைத் துளைக்கிறது. என்னோடு சேர்த்து ஆறு பேர். மற்ற ஐந்தும் பள்ளிக்கூடப் பெண் பிள்ளைகள். யாரையோ வீட்டுக்கு அழைத்துப் போக வந்த தாத்தா என்று நினைத்து எனக்கு வழிவிட்டு நின்றார்கள். நான் போய் ஸ்டூலில் உட்கார்ந்ததும் ஒருத்திக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரிக்கட்டும்.

சொல்லிக்கொடுப்பவர் அல்போன்சா டீச்சர். முப்பத்தைந்துக்குள்தான் இருக்கும். என்னை "சார்" என்கிறார். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு சட்டம் போட்டார். பழைய ஓவியம் ஒன்றை முழுசாக நகல் எடுத்து முடிக்காமல் உயிருள்ள ஆளை உட்கார வைத்து வரையக்கூடாதாம்.

"உயிரோட இருக்க மொகம் ஒரு எடத்துல நிக்காது சார். நிக்கிற மொகத்துல முதல்ல கை பழகணும்" என்றார்.

முப்பத்து நான்கு வருஷம் நில அளவைத் துறையில் வரைபடம் போட்டவன் நான். கோடு ஒரு மில்லிமீட்டர் தள்ளினால் ஒருவன் வயல் அடுத்தவனுக்குப் போய்விடும். என் கைக்குப் பழக்கம் சொல்லித்தர வந்துவிட்டார். இருந்தாலும் சரி என்று தலையாட்டினேன்.

இதற்கெல்லாம் காரணம் செங்கமலம். சித்திரையில் தஞ்சாவூர் டாக்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பிய பஸ்ஸில், ஒரத்தநாடு தாண்டியதும், ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள். "எனக்கு ஒரு படம் வேணுங்க. போட்டோ வேணாம். எந்தப் போட்டோவுலயும் நான் திருடி மாதிரிதான் முழிக்கிறேன். நீங்க கையால போடுங்க. கொஞ்சம் சீக்கிரமா."

கல்யாணமான முப்பத்தாறு வருஷத்தில் அவள் என்னிடம் வாய்விட்டுக் கேட்டது இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். டாக்டர் சொன்னதை இங்கே எழுத வேண்டிய அவசியம் இல்லை. வயிற்று உபாதை. ரிப்போர்ட்டுகள் பீரோவில் என் சட்டைகளுக்கு அடியில் இருக்கின்றன.

ஜூன் 12, ஞாயிறு

மருதங்கோட்டை ஜமீன் பங்களாவுக்குப் போனேன். பட்டுக்கோட்டையிலிருந்து ஸ்கூட்டரில் நாற்பது நிமிஷம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அங்கிருந்த ஓவியங்களைத் துடைத்துச் சீர் செய்தவர் டீச்சர்தான், அதனால் அனுமதி கிடைத்தது. வாரிசுகள் சென்னையில். பங்களாவைப் பார்த்துக்கொள்பவள் சிவபாக்கியம் என்கிற அம்மாள். ஐம்பது வயது இருக்கும், வெற்றிலை வாய்.

கூடத்தில் வரிசையாகப் பெரிய மீசைகள். ஒவ்வொரு படத்துக்கும் சந்தன மாலை, கண்ணாடிமேல் குங்குமம். வரிசைக் கடைசியில் ஒரு பெண். சிவப்புப் பட்டு, நாற்காலி முதுகின்மேல் ஒரு கை. சட்டத்தில் முத்துவீராயி நாச்சியார், 1893 என்று போட்டிருக்கிறது. ஊர் ஊராகப் போய் ஜமீன்களுக்குப் படம் எழுதிய யாரோ ஒருவர் வரைந்தது; கையெழுத்து அழிந்துவிட்டது. நான் நகல் எடுக்கவேண்டியது இதைத்தான். இந்தப் படத்துக்கு மட்டும் மாலை இல்லை. கீழே ஸ்டூலில் ஒரு டம்ளர் தண்ணீர், தட்டு போட்டு மூடியிருந்தது.

மாலை ஏன் இல்லை என்று கேட்டேன்.

"உசுரோட இருக்கவங்களுக்கு யாராச்சும் மாலை போடுவாங்களா?" என்றாள் சிவபாக்கியம். சந்தையில் கத்தரிக்காய் விலை சொல்கிற குரல்.

1893 என்று சட்டத்தைத் தொட்டுக் காட்டினேன். நீங்கள் மாலையைத்தானே கேட்டீர்கள், வயதைக் கேட்கவில்லையே என்று சொல்லிவிட்டுத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நல்ல ஆள்.

திரும்பும்போது இளநீர் இரண்டு, தயிர், செங்கமலத்தின் மாத்திரை.

ஜூன் 19, ஞாயிறு

கண்ணாலேயே அளந்து வரையச் சொல்கிறார் டீச்சர். எனக்கு அது சரிப்படாது. படத்துக்கு முன்னால் மரச்சட்டம் நிறுத்தி நூலால் கட்டம் கட்டினேன். என் கேன்வாஸிலும் அதே கட்டம். காலை ஒன்பதிலிருந்து இரண்டு வரை நின்றபடியே வேலை. தலை, தோள், நாற்காலி, எல்லாம் கட்டத்தில் உட்கார்ந்துவிட்டது.

செங்கமலம் இன்று இரண்டு இட்லி முழுசாகச் சாப்பிட்டாள்.

ஜூலை 3, ஞாயிறு

இன்று ஒரு தப்பைக் கண்டுபிடித்தேன். என்னுடையது இல்லை, அந்த ஓவியருடையது.

எதையும் தூக்குக் குண்டு விட்டுப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. நூலில் கட்டிய பித்தளைக் குண்டு, அவ்வளவுதான், ஆனால் நேர்க்குத்து எது என்று அதைப்போல் சொல்ல ஆள் கிடையாது. படத்தில் இருக்கும் தூணுக்கு விட்டேன், சரி. ஜன்னலுக்கு விட்டேன், சரி. நாற்காலிக் காலும் சரி. நாச்சியாரின் காதிலிருந்து தொங்கும் ஜிமிக்கிக்கு விட்டால் குண்டு ஒரு பக்கம் போகிறது, ஜிமிக்கி ஒரு பக்கம் போகிறது. பிடரியைப் பார்த்துச் சாய்ந்திருக்கிறது. கோணமானி வைத்துப் பார்த்தேன். பதினொரு டிகிரி.

நிற்கிற பெண்ணின் ஜிமிக்கி நேராகத்தானே தொங்கவேண்டும்? அந்த ஆள் கள் குடித்துவிட்டு வரைந்திருப்பான் என்று டீச்சரிடம் போனில் சொன்னேன். நகலில் நேராக்கிவிடவா என்று கேட்டேன். கூடவே கூடாதாம். தப்போடு சேர்த்து எடுப்பதுதான் நகலாம்.

ஜூலை 4

தன்னை எப்போது வரையப்போகிறேன் என்று செங்கமலம் கேட்டாள். இன்னும் நாச்சியார் முகத்துக்கே வரவில்லை என்றேன். "அந்தம்மாவுக்கு என்ன அவசரம், இருக்கட்டும்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

ஜூலை 17, ஞாயிறு

பங்களாவுக்குப் போகவில்லை. நேற்று தஞ்சாவூர். டாக்டர் இந்தத் தடவை என்னை மட்டும் தனியாக உள்ளே கூப்பிட்டார். சின்னப் பையன், நிறையப் பேசினான். மேசையின்மேல் இருந்த காலண்டரை இரண்டு தடவை திருப்பிப் பார்த்தான்.

வெளியே வந்து கீழவாசல் பக்கம் போனதில், ஒரு மாதமாகத் தேடிக்கொண்டிருந்த வெள்ளை ட்யூப் கிடைத்தது. நல்ல கம்பெனி.

ஜூலை 31, ஞாயிறு

முகத்தில் இறங்கிவிட்டேன். முதலில் பச்சை பூசச் சொல்கிறார் டீச்சர். மங்கிய பச்சையில் முகம் முழுவதையும் எழுதிக்கொண்டு, காய்ந்த பிறகு அதன்மேல் சதை நிறத்தை மெல்லிசாகப் பூசவேண்டும். எண்ணெய் வண்ணம் காய நாளாகும். மழைக்காலம் என்றால் ஒரு மாதம்கூட ஆகுமாம்.

வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்காமல் முகத்தைத் தொடாதே என்பது டீச்சரின் இன்னொரு சட்டம். இதில்தான் இன்று முழுநாளும் போனது. படத்தில் ஜன்னல் இடது பக்கம் இருக்கிறது. நாற்காலியில் இடப் பக்கம் வெளிச்சம், சேலையிலும் இடப் பக்கம் வெளிச்சம். முகத்தில் மட்டும் அப்படி இல்லை. உச்சந்தலையிலிருந்து வெளிச்சம் இறங்குகிறது. வகிடு பளபளக்கிறது, நெற்றி வெளுத்திருக்கிறது, மூக்குக்குக் கீழே இருட்டு. தலைக்கு மேலே விளக்கு ஏதாவது தொங்குகிறதா என்று தேடினேன். எதுவும் இல்லை.

கன்னமும் இடிக்கிறது. முப்பது வயதுப் பெண்ணுக்குக் கன்னத்துச் சதை கீழே இறங்கியிருக்கும். இவளுக்குக் காதைப் பார்த்து ஒதுங்கியிருக்கிறது. அதனால்தான் அவ்வளவு இளமையாகத் தெரிகிறாள்.

சிவபாக்கியம் டம்ளரில் தண்ணீர் மாற்ற வந்தாள். பழைய தண்ணீரை வாசலில் ஊற்றாமல் துளசிக்கு ஊற்றினாள். பாதி டம்ளர்தான் இருந்தது. வெயில் காலம், ஆவியாகியிருக்கும்.

ஆகஸ்ட் 7, ஞாயிறு

எல்லாம் தெரிந்துவிட்டது. வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் பொட்டை அளந்தேன். பெரிய பொட்டு, பெரிய இடத்துப் பெண் என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். கவராயத்தை வைத்தால் விளிம்பு சுத்தமான வட்டம். விரலால் வைத்த பொட்டு அப்படி வராது. குங்குமத்துக்கு அடியில் ஏதோ ஒன்று தடிப்பாக இருந்து, அதைச் சேர்த்துச் சிவப்புப் பூசியிருக்கிறார்கள். ஓரத்தில் இம்மி அளவு வெள்ளி நிறம் எட்டிப் பார்க்கிறது.

பிறகு காதோரம். காதுக்கு முன்னால் கன்னத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு வெளுத்த பட்டை. தாடைக்குக் கீழே போய் மறைகிறது. அங்கே வண்ணம் தடிமனாக இருக்கிறது, எதையோ மூடிய மாதிரி.

ஜிமிக்கி பின்னால் சாய்ந்திருக்கிறது. வெளிச்சம் தலைமாட்டிலிருந்து வருகிறது. நெற்றியில் காசு. தாடையைச் சேர்த்துத் தலையோடு கட்டிய துணி. இழவு வீட்டைப் பார்க்காத ஆளா நான்? இரண்டு மாதமாக நான் அளந்துகொண்டிருப்பது படுக்கவைத்த முகம். படுத்திருந்தவளைப் பார்த்து எழுதி, நிற்கிற உடம்பில் பொருத்தியிருக்கிறான்.

சிவபாக்கியத்தைக் கூப்பிட்டேன். என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்து சொன்னாள். நாச்சியார் இரண்டு வருஷமாகப் படம் கேட்டுக்கொண்டிருந்தாளாம். அறுப்பு முடியட்டும் என்றாராம் ஜமீன்தார், பிறகு கோர்ட்டு வழக்கு முடியட்டும் என்றாராம். காய்ச்சல் கண்டு படுத்த பிறகுதான் மதுரைக்கு ஆள் போனது. ஓவியன் வண்டியைவிட்டு இறங்கிய அன்று காலையில் அவள் போய்விட்டாள். ஜமீன்தார் சொந்தக்காரர்களை எல்லாம் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தி, படம் முடிகிறவரை எடுக்கக்கூடாது என்றாராம். இரண்டு நாள். மூன்றாம் நாள் பின்வாசல் வழியாகக் கொண்டுபோனார்கள். என் பெண்டாட்டி கூடத்தில் நிற்கிறாள், யாரும் மாலை போடக்கூடாது என்று ஜமீன்தாரின் உத்தரவு. அன்றிலிருந்து தண்ணீர் வைப்பது சிவபாக்கியத்தின் குடும்பம்தான்.

"குடிக்கிறாங்களா இல்லையான்னு நான் பாக்கறதில்ல சார். வைக்கிறதுதான் என் வேலை" என்றாள்.

ஆகஸ்ட் 8

செங்கமலத்திடம் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். கண்டுபிடித்த பெருமை, வாய் நிற்கவில்லை. ஜிமிக்கியிலிருந்து காசு வரை ஒன்றுவிடாமல் சொன்னேன். தலையணையில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அவ கேட்டப்போ கூப்பிடல. அப்புறம் பாவி மனுசன் ஓடி ஓடிக் கூப்பிட்டிருக்கான்" என்றாள். பிறகு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கேஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்யவேண்டும் என்று எழுந்து வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 21

இப்போது வாரத்துக்கு ஐந்து நாள் போகிறேன். ஞாயிறு மட்டும் போனால் என்றைக்கு முடிப்பது? நகலைச் சீக்கிரம் முடித்தால்தானே செங்கமலத்தை வரைய முடியும். அவளுக்காகத்தான் போகிறேன். பக்கத்து வீட்டு லூர்துமேரி மத்தியானம் கஞ்சி வைத்துக் கொடுக்கிறாள்.

டீச்சர் போன் பண்ணினார். நகல் இந்த அளவு வந்ததே போதும், வீட்டில் அம்மாவை உட்காரவைத்து ஆரம்பியுங்கள் என்றார். சட்டம் போட்டதே நீங்கள்தானே என்றேன். அரைகுறையாக விட்டு எனக்குப் பழக்கமில்லை.

உண்மையைச் சொன்னால் அங்கே போனால் மனம் அமைதியாக இருக்கிறது. அந்த முகம் அசைவதில்லை. காலையில் விட்ட இடத்தில் மறுநாள் காலை இருக்கிறது.

செப்டம்பர் 4, ஞாயிறு

கண்கள். முகத்தில் அந்த ஓவியன் தானாக இட்டுக்கட்டியது கண்களை மட்டும்தான். மூடியிருந்ததை எப்படிப் பார்த்து எழுதியிருப்பான்? அதனால் அவை எதையும் பார்க்கவில்லை. கூடத்தில் எங்கே நின்றாலும் நம்மேல் படாமல் போகின்றன. நான் அப்படியே எடுத்தேன், கட்டம் கட்டமாக, மயிரிழை பிசகாமல். முடித்துவிட்டுத் தள்ளிப்போய் நின்று பார்த்தால் என் நகல் என்னைப் பார்க்கிறது.

மறுபடி அளந்தேன். இரண்டுக்கும் நடுவே ஒரு வித்தியாசமும் இல்லை. இருந்தும் பார்க்கிறது.

சிவபாக்கியம் வாசலோடு நின்றுவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து வந்து ஸ்டூலில் இரண்டாவது டம்ளர் ஒன்றை வைத்துத் தட்டால் மூடிவிட்டுப் போனாள்.

செப்டம்பர் 13

கீழ் உதட்டின் நிழலில் இருந்தேன். போன் சட்டைப்பையில் அதிர்ந்துகொண்டே இருந்தது. கையெல்லாம் வண்ணம், எடுக்கவில்லை. வெளியே வந்து பார்த்தால் ஏழு அழைப்பு. செங்கமலம் குளியலறையில் விழுந்து, லூர்துமேரி வந்து தூக்கும்வரை முக்கால் மணி நேரம் ஈரத்தரையில் கிடந்திருக்கிறாள்.

அடி ஒன்றும் பெரிதாக இல்லை. என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

செப்டம்பர் 25, ஞாயிறு

நகல் முடிந்தது. டீச்சர் வந்து பார்த்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் நின்றார். எது எது என்று ஒரு கணம் தெரியவில்லை சார் என்றார். சந்தோஷமாகச் சொன்ன மாதிரி இல்லை.

வேனில் ஏற்றும்போது, இதை வீட்டுக்கா கொண்டுபோகிறீர்கள் என்று சிவபாக்கியம் கேட்டாள். வேறெங்கே என்றேன். அவள் இரண்டாவது டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள்.

முன்னறையில் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தேன். செங்கமலம் திருப்பச் சொன்னாள். கட்டிலிலிருந்து பார்த்தால் நேரே தெரிகிறது. எடுத்துவிடவா என்று கேட்டதற்கு, "இருக்கட்டும். துணைக்கு ஆச்சு" என்றாள்.

அக்டோபர் 10

இன்று செங்கமலத்தை ஆரம்பித்தேன். கோயம்புத்தூரிலிருந்து மகள் மேகலா, தான் வந்து இருப்பதாக போனில் அழுதாள். தீபாவளிக்கு வா போதும், அம்மா நன்றாக இருக்கிறாள் என்று சொன்னேன்.

நாற்காலியில் உட்காரவைத்தேன். பத்து நிமிஷம் தாங்கவில்லை. சரி, படுத்துக்கொள் என்றேன். தலைமாட்டுப் பக்கம் டியூப்லைட். படுத்தால் என்ன, கேன்வாஸில் நிமிர்த்திக்கொள்ளலாம். நாலு மாதம் பழகிய கை, முதல் நாளே முகம் கட்டத்தில் உட்கார்ந்துவிட்டது. பச்சையில் அவள் முகத்தை எழுதும்போது ஒரு இடத்தில்கூடத் தயங்கவில்லை.

அவள் பேசிக்கொண்டே இருந்தாள். மேகலா பிறந்தபோது நான் ஆஸ்பத்திரிக்கு அளவுச் சங்கிலியோடு வந்த கதை. வாயை ஆட்டாதே என்று இரண்டு தடவை சொன்னேன். பிறகு பேசவில்லை.

அக்டோபர் 14

மழை. வண்ணம் காயவே மாட்டேன் என்கிறது. ஈரத்தின்மேல்தான் பூசிக்கொண்டிருக்கிறேன்.

நைட்டியில் இருப்பவளைச் சேலை மாற்றச் சொல்ல மனம் வரவில்லை. சேலையை நானே இட்டுக்கட்டிவிட்டேன். தட்டில் மிச்சமிருந்த வண்ணங்களைக் கலந்ததில் மாந்துளிர் நிறம் வந்தது. அரக்குக் கரை வைத்தேன். அப்படி ஒரு சேலை அவளிடம் கிடையாது.

அக்டோபர் 19

டீச்சர் பார்க்க வந்தார். செங்கமலத்தின் கையைப் பிடித்துக்கொண்டு பேசினார். பிறகு படத்துக்கு முன்னால் வந்து நின்றார். நல்லா வந்திருக்கு சார் என்றார். காபி போட்டுக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லியும் நிற்காமல் போய்விட்டார்.

லூர்துமேரி பார்த்துவிட்டு, இது யார் அண்ணே, உங்கள் வீட்டுப் பெரியவர்களா என்று கேட்டாள். படிக்காத பெண், ஓவியம் புரியாது.

அக்டோபர் 22

முடித்துவிட்டேன். செங்கமலத்தைத் தலையணை வைத்து நிமிர்த்தி, படத்தைக் கால்மாட்டில் நிறுத்தினேன். மூக்குக்கண்ணாடியைக் கேட்டாள். போட்டுவிட்டேன். நாச்சியார் ஒரு பக்கம், இவள் ஒரு பக்கம்.

ரொம்ப நேரம் பார்த்தாள். நான் ஸ்டிக்கர் பொட்டுதானே வைப்பேன், இதென்ன இவ்வளவு பெரிது என்று கேட்டாள். கன்னத்தில் இந்த வெள்ளைப் பட்டை என்ன என்று கேட்டாள். வெளிச்சம் என்றேன். எனக்கே அப்போதுதான் கண்ணில் பட்டது. அவள் கன்னத்தில் அப்படி எதுவும் இல்லை. எப்போது அதை வரைந்தேன் என்று நினைவில்லை.

"இவளை எனக்குத் தெரியுங்க. ஆனா இன்னும் பாத்ததில்ல" என்றாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இவ்வளவு பாடுபட்டதற்கு இதுதானா என்று கேட்டேன். அவள் கோபப்படவில்லை. "நாலு மாசமா அந்தம்மாவையே பாத்துட்டு இருந்தீங்க. பக்கத்துல உக்காந்து என்னை ஒரு நாள் பாத்திருக்கலாம்ல" என்றாள்.

பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். சத்தம் வெளியே கேட்டிருக்காது.

அக்டோபர் 23

நாச்சியார் நகலை டீச்சர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன். செங்கமலத்தின் படத்தைக் கூடத்து மூலையில் வைத்து வேட்டியால் மூடியிருக்கிறேன். திருத்துகிறேன் என்றேன், வேண்டாம் என்றுவிட்டாள்.

பிரஷ்களைக் கழுவிக் கட்டிவைத்தேன்.

அக்டோபர் 29

மேகலா தீபாவளிக்கு வந்து நாலு நாள் இருந்துவிட்டு நேற்றுத்தான் போனாள். நான் கட்டிலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். வேறு வேலை வைத்துக்கொள்ளவில்லை.

செங்கமலம் சிரிக்கும்போது இடது கன்னம்தான் முதலில் மேலே போகிறது. வலது கொஞ்சம் பொறுத்துத்தான் சேர்ந்துகொள்கிறது. முப்பத்தாறு வருஷத்தில் இன்றுதான் பார்த்தேன். எப்படி இவ்வளவு நாள் பார்க்காமல் இருந்தேன்? வெட்கமாக இருக்கிறது.

நவம்பர் 2

ரிப்போர்ட்டுகளை எடுத்துப் படித்தேன். எழுத்துக் கூட்டி எல்லாவற்றையும் படித்தேன்.

அவள் கஞ்சி இரண்டு வாய். கையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள்.

நவம்பர் 5

விடியற்காலை. தூக்கத்திலேயே.

நவம்பர் 9

இப்போதுதான் எழுத முடிகிறது.

அன்று காலை ஏழு மணிக்குள் எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது. செங்கமலத்தின் தம்பி உத்திராபதி திருத்துறைப்பூண்டியிலிருந்து பத்தரைக்கெல்லாம் வந்துவிட்டான், பிறந்த வீட்டுக் கோடிச் சேலையோடு. மேகலா மத்தியானம் வந்தாள். அம்மாமேல் விழுந்து அழுதாள். என்னிடம் வரவில்லை.

பெண்கள் அவளைக் குளிப்பாட்டிக் கோடியை உடுத்தி, கூடத்தில் தெற்கே தலைவைத்துக் கிடத்தினார்கள். தலைமாட்டில் விளக்கு. சுமங்கலி என்று நெற்றியில் குங்குமத்தை அப்பி அதன்மேல் காசை வைத்தார்கள். தாடையைக் கட்டிய துணி கன்னத்தில் பதிந்திருந்தது. நான் கால்மாட்டில் நின்றிருந்தேன். சேலை மாந்துளிர் நிறம். அரக்குக் கரை.

பந்தல்காரன் நாற்காலி நகர்த்தியதில் மூலையில் இருந்த வேட்டி நழுவிவிட்டது. முதலில் பார்த்தது உத்திராபதியின் மனைவி. வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். படத்தைப் பார்ப்பதும் தரையில் கிடப்பவளைப் பார்ப்பதுமாக இருந்தார்கள். இது யார் என்று அன்றைக்கு என்னிடம் கேட்ட லூர்துமேரி, அச்சு அசல் அக்காவேதான் என்று சொல்லி அழுதாள். ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. எனக்கும் ஒரு குறையும் தெரியவில்லை. தூக்குக் குண்டு விட்டிருந்தாலும் தெரிந்திருக்காது.

உத்திராபதி பக்கத்தில் போய் விரலால் சேலையைத் தொட்டான். மழைக்காலம், காயவில்லை. விரலில் வண்ணம் ஒட்டியது. அதை என் முன்னால் நீட்டினான்.

"காலையில எட்டு மணிக்குக் கடைக்காரனை வீட்டுல போய் எழுப்பி எடுத்த சேலை அத்தான் இது. நான் கொண்டாந்து குடுத்துட்டுப் பந்தலுக்கு அலைஞ்சப்போதானே வரைஞ்சிருக்கீங்க? அக்காவக் கெடத்தி வச்சுக்கிட்டா படம் போட்டுட்டு இருந்தீங்க?"

கூடமே என்னைப் பார்த்தது. எண்ணெய் வண்ணம் காய ஒரு மாதமாகும் என்று சொல்லியிருக்கலாம். அக்டோபரிலேயே முடித்துவிட்டேன், டீச்சரைக் கேளுங்கள், லூர்துமேரியைக் கேளுங்கள் என்று சொல்லியிருக்கலாம். லூர்துமேரி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் கையைக் காட்டி நிறுத்திவிட்டேன்.

இல்லை என்று சொன்னால் அடுத்து ஒரு கேள்வி இருக்கிறது. அப்படியானால் அக்கா மூச்சுவிட்டுக்கொண்டு, உங்களோடு பேசிக்கொண்டு இருந்தபோதே அவளை இப்படித்தான் பார்த்தீர்களா என்று கேட்பான்.

"ஆமாப்பா. காலையிலதான் போட்டேன்" என்றேன்.

உத்திராபதி என்னை அடித்திருக்கலாம், அடிக்கவில்லை. விரலைத் துண்டில் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். பெண்கள் தள்ளித் தள்ளி உட்கார்ந்துகொண்டார்கள். மேகலா மட்டும் அம்மாவின் தலைமாட்டில் இருந்தபடி என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நகக்கண்ணில்கூட ஒரு துளி வண்ணம் இல்லை.